மோர்ப்பானைக்கு ஒரு கதவு

வெகு காலத்துக்கு முன்னே நெல்லிக்காவு என்கிற நாட்டைச் சுந்தரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குப் பல் துலக்கக்கூடக் கை ஓடாது! போட்டதை மாற்றச் சொன்னாலோ, போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் மந்திரி அம்பலத்தாடியின் யோசனைப்படி, "எதை விற்கிறவரும் சுங்கச்சாவடியில் பெயரைப் பதிந்து செப்பு முத்திரை வாங்க வேண்டும். விற்பனைக்குத் தக்கபடி வரி கட்டினால் போதும்" என்று உத்தரவு போட்டார். சரியான ஏற்பாடு! மந்திரிக்கு நல்ல பேர் வந்துவிடுமே என்று சுங்கநாயகம் தில்லைவிடங்கனுக்கு வயிறு எரிந்தது. உத்தரவுக்கு ஒரு வாலை ஒட்டினார்: முத்திரையைக் கடையின் கதவு நிலையில் அறைய வேண்டும்; வாங்குகிறவர் யாரானாலும் அந்த வாசல் வழியாக நுழைந்துதான் வாங்க வேண்டும். ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் ஒப்பம் வைத்துவிட்டார்.

மோர் விற்கிற பேச்சாயி முதல் ஆளாகச் சுங்கச்சாவடிக்குப் போய் நின்றாள்.

"உன் கடைக்குக் கதவு எங்கே?" என்றார் தில்லைவிடங்கன்.

"மோர்ப்பானைக்கு ஏதுங்க கதவு? தலையில பானை, காலடியில தெரு. அவ்வளவுதான் என் கடை."

"அப்போ முத்திரை கிடையாது. முத்திரை இல்லாமல் விற்கவும் கூடாது!" என்று பானையையே பிடுங்கிக்கொண்டார்.

பேச்சாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோர் விற்றால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அரசவைக்குப் போய் முறையிட்டாள்.

"சட்டம் சட்டம்தான். நான் வைத்த ஒப்பத்தை நானே அழித்தால் எவன் என்னை மதிப்பான்?" என்றார் ராஜா. தில்லைவிடங்கன் மீசைக்குள் சிரித்தார்.

மந்திரி எழுந்தார். "ஓரெழுத்தும் மாற்ற வேண்டாம், மகாராஜா. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். சுங்கநாயகரே, கதவைச் சுற்றிச் சுவர் இருக்க வேண்டுமென்று எழுதியிருக்கிறதா?"

"இல்லை."

"கதவின் உயரம்?"

"அது அவரவர் இஷ்டம்! முழங்கால் உயரத்துக்கு வைத்தாலும் எனக்கென்ன?"

"கேட்டுக்கொண்டாயா, பேச்சாயி? போய் ஒரு கதவு செய்துகொள்" என்றார் மந்திரி.

'பானையைக் கேட்டு வந்தா கதவு செய்யச் சொல்றாரே, இவருக்குப் புத்தி பிசகிப்போச்சா?' என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூக்காரி, கீரைக்காரி, சுண்டல்காரர் எல்லோரிடமும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

அடுத்த சந்தைநாளில் தெரு முழுக்கக் கதவுகள்! சுவரில்லை, கூரையில்லை, முழங்கால் உயரத்தில் வெறும் நிலையும் கதவும்தான். தில்லைவிடங்கன் வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை அறைந்து, பானையையும் திருப்பிக் கொடுத்தார்.

உச்சி வெயிலில் ராஜா பரிவாரத்தோடு சந்தைக்கு வந்தார். நாக்கு வறண்டது. "ஒரு குவளை மோர் கொடு, பெண்ணே."

"தாராளமா தர்றேன், மகாராஜா. வாசல் வழியா வாங்க."

"மேலாக நீட்டேன்!"

"ஐயையோ, சட்டத்தை மீறவா? மறுபடியும் பானை போயிடுமே!"

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தார். தவழ்ந்தார். தலை உள்ளே போயிற்று, தோள் போயிற்று, தொப்பை மட்டும் வெளியிலேயே மாட்டிக்கொண்டது! பூக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு காவலர்கள் காலைப் பிடித்து இழுத்தும் ராஜா வரவில்லை.

"யாரய்யா இந்த வாசல் சட்டத்தை எழுதினது?" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒப்பம் தங்களுடையது, மகாராஜா. எழுத்து சுங்கநாயகருடையது" என்றார் மந்திரி பணிவாக.

 கதவே குலுங்கும்படி ராஜா சிரித்தார். ஒருவழியாக வெளியே இழுத்து விட்டதும் தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "இனி முத்திரையைப் பானைக் கழுத்திலும் கூடைப் பிடியிலும் கட்டினால் போதும். தில்லைவிடங்கரே, யாரும் சாவடிக்கு வர வேண்டியதில்லை. நீரே தெருத்தெருவாகப் போய் உம் கையால் கட்டிவிடும்!"

அப்படியே தில்லைவிடங்கன் பேச்சாயி முன்னால் குந்தி உட்கார்ந்து பானைக் கழுத்தில் கயிற்றைச் சுற்றினார். அவள் ஒரு குவளை மோரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வரி கட்டத்தானே ஐயா முதல் ஆளா வந்து நின்னேன்? அதுக்கா பானையைப் பிடுங்கினீங்க?"

 முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது. தில்லைவிடங்கன் குனிந்த தலை நிமிராமல் அதையே இறுக்கிக்கொண்டிருந்தார்.