அலறக் கூடாத அரண்மனை

சுடுகஞ்சி காலில் கொட்டியதும் சமையல்காரி வேலாத்தாள் "ஐயோ!" என்று அலறிவிட்டாள். அவ்வளவுதான், ஜமீன்தார் அவள் வாயில் துணியை அடைத்து வெயிலில் நிற்க வைத்துவிட்டார்.

"என் அரண்மனையில் யார் அலறினாலும் இதுதான் தண்டனை. தேளே கொட்டினாலும் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்!"

மறுநாள் அவர் விருந்தாளிகளோடு சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே வேலாத்தாள் மெதுவாகச் சொன்னாள்:

"எசமான், உங்க வேட்டிக்குள்ள ஒரு தேள் போகுதுங்க."

"ஐயையோ! அம்மா!"

ஜமீன்தார் இலையைத் தாண்டிக் குதித்தார். வேட்டியை உதறு உதறென்று உதறினார். விருந்தாளிகளும் பிசைந்த சோற்றுக் கையோடு எழுந்து விலகினார்கள்.

"தேள் எங்கேடி?"

"தேள் வரலீங்க. சத்தம் வந்துருச்சுங்க."

வேலாத்தாள் இடுப்பிலிருந்து அதே துணியை எடுத்து நீட்டினாள்.

"வாயைத் திறங்க எசமான், வெயில் ஏறுது."