தூங்கி எழுந்த ஸ்கேன் கருவி

மெஹருன்னிசா மேடத்திடம் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார், இல்லை டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். பதிலை நாம்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பல்லாவரத்தில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த குணசீலனுக்கு டிரைவர் எழுதச் சொல்லித் தந்தவர் அவர்தான். கணினிக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரல் அது. குருவுக்குச் சிஷ்யரைவிட ஆறு வயது குறைவு. அவரிடம் கற்ற அந்தப் பன்னிரண்டு வருடங்களைப் போல ஒரு காலம் குணசீலனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மேடம் மாடிப்படியில் விழுந்து, தலையில் ஆபரேஷன் நடந்து, பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். வீடு திரும்பிய மறுவாரம் குணசீலன் பார்க்கப் போனார். நலம் விசாரிக்க நா எழவில்லை. பழைய பழக்கத்தில் வேலையைப் பற்றியே ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு ஸ்கேன் கருவி மேடம். கணினி தூங்கப் போறவரைக்கும் ஒழுங்கா வேலை செய்யுது. எழுந்ததும், விட்ட எடத்துலேர்ந்து படத்தை அனுப்புன்னு சொல்றேன். கல்லு மாதிரி இருக்கு. ஏன் மேடம்?"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

குணசீலன் சிரித்துவிட்டார். ஆள் மாறவே இல்லை, வந்ததுமே பாடம்! பக்கத்தில் நின்ற மேடத்தின் தங்கை ஷமீமைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது.

"குணசீலன், மேடம்."

"எங்கிட்ட வேலை பார்த்தீங்களா?"

"பாடம் கத்துக்கிட்டேன்."

"நானா சொல்லித் தந்தேன்?"

குணசீலன் ஆரம்பத்திலிருந்து சொன்னார். சட்டைப்பையில் ஸ்குருடிரைவரோடு முதல் நாள் வந்து நின்றது. ஆபீஸே சிரித்தபோது மேடம் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டது. கரன்ட் போன மத்தியானங்களில் மொட்டைமாடியில் இரண்டு பேரும் கொய்யா தின்றது. மேடம் ஒவ்வொன்றையும் மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கொய்யாவில் கொஞ்சம் நின்றார்.

"உப்பும் மொளகாப்பொடியும் போட்டா?"

"ஆமா மேடம்! நீங்கதான் வீட்டுலேர்ந்து மடிச்சுக் கொண்டாருவீங்க."

அந்த ஒரு கேள்விக்காக அவர் பல்லாவரத்திலிருந்து நடந்தே வந்திருப்பார்.

இருட்டுவதற்கு முன் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கும் வரேன் மேடம். இனிமே பேரைச் சொல்ல வேண்டியதில்லையே?" என்றார் ஆசையாக.

மேடம் யோசித்தார்.

"சொல்லுங்க. தூங்கி எழுந்தா இதெல்லாம் எங்கிட்ட இருக்கும்னு நம்பி வந்துடாதீங்க. மொதல்லேர்ந்து ஆரம்பிங்க. நான் வந்துடுவேன்."