கருமடு ஏரியில் வென்றது யார்?

முன்னொரு காலத்தில், நீச்சல் பார்ப்பதில் தீராத பித்துக் கொண்ட அரசன் ஒருவன் இருந்தான். ஆண்டுதோறும் கருமடு ஏரியில் பந்தயம் வைப்பான். முதலில் நீந்திக் கரை சேர்பவருக்கு ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை. அதோடு ஓராண்டு அமைச்சர் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கும் பெருமை. எப்போதும் வெல்பவள் மீனவப் பெண் முத்தாயி. விருந்தை மறுத்துவிட்டு, உரிமையை மட்டும் தன் குப்பத்துக்கு வாங்கிக்கொள்வாள்.

ஓர் ஆண்டு அமைச்சர் மாறவேளின் மருமகன் கடம்பன் போட்டிக்கு வந்தான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை சாம்பல் நிறத் தோலுடை. எந்த விலங்கின் தோலென்று யாருக்கும் தெரியவில்லை. முத்தாயி பாதி ஏரியைக் கடக்குமுன்பே அவன் அரசனின் காலடியில் கரையேறிவிட்டான்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் முத்தாயி. "சாமி, அவரு கையும் அசையல, காலும் அசையல. பக்கத்துல போறப்போ பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு அழுதுகிட்டே போனாரு."

"உடைக்கு விதியில் தடை இல்லையே, அரசே" என்றார் மாறவேள். விகடகவி தத்தன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "தீர்ப்பைத் தத்தனே சொல்லட்டும். வெற்றி செல்லாது என்றால் நிரூபிக்க வேண்டும். தவறினால் தலை போகட்டும்."

அரசன் தலையசைத்தான்.

தத்தன் கடம்பனை நெருங்கினான். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். தோல் மட்டும் ஏறி இறங்கியது. தத்தன் ஓரடி பின்வாங்கினான்.

"அரசே, வென்றது இவரா, உடையா என்பதுதானே வழக்கு? உடையைத் தனியே நீந்தவிட்டுப் பார்ப்போம்."

கூட்டம் சிரித்தது. கடம்பன் சிரிக்கவில்லை. "கழற்றிவிடுங்கள் மாமா, இது என்னைக் கடிக்கிறது" என்றான். நான்கு பேர் சேர்ந்து உரித்தார்கள். மார்பெல்லாம் சிறு சிறு பல் தடங்கள்.

தோலைப் படகில் எடுத்துப்போய் எதிர்க்கரையோரத் தண்ணீரில் போட்டார்கள். முரசு ஒலித்தது. சற்று நேரம் அது வெறுமனே மிதந்தது. பிறகு, உள்ளே ஆள் இருப்பதுபோல் உப்பி, அலையே எழுப்பாமல் ஏரியைக் கடந்து வந்தது. கரையேறி, கழுத்துத் திறப்பை மாறவேள் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது.

தத்தன் கைகளைக் கூப்பினான்.

"முதலில் வந்தது இதுதான், அரசே. விதிப்படி ஓராண்டு விருந்து. அமைச்சர் பெருமான் இதைத் தம் மாளிகைக்கு அழைத்துப் போகட்டும்."

மாறவேள் மண்டியிட்டுவிட்டார். "வேண்டாம், அரசே. வென்றவள் முத்தாயி. சேற்றுநிலத்தில் கிடந்ததை ஆசைப்பட்டு எடுத்துவந்துவிட்டேன்."

அதைக் கேட்டதும் தோல் மெல்லப் புரண்டு, தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது.

அரசன் சிரித்தான். முதலில் பயத்தில், பிறகு அமைச்சரின் முகத்தைப் பார்த்து, வயிறு குலுங்க. உரிமையை முத்தாயிக்குத் தந்துவிட்டுத் தத்தனிடம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

தத்தன் ஏரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வீடு, அரசே. மலைமேல். பக்கத்தில் கிணறுகூட இல்லாத இடமாக."