நல்ல நேரத்தில் குடிவந்த மீன்

"எரியுது! செவுள் எரியுது! யாராவது ஏதாவது செய்யுங்களேன்!" என்று கோமாளி மீன் கத்தியது.

யாரும் எதுவும் செய்யவில்லை. தொட்டிக்கு வெளியே விருந்தாளிகள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஈரோட்டில், சம்பத் வீட்டுக் கூடத்தில் அந்த உப்புத்தண்ணித் தொட்டி வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. கடலையே பார்க்காத தெருவில் கடல் மீன். நேற்று வளர்பிறைப் பஞ்சமி, காலை ஒன்பதேகால். தேங்காய் உடைத்து, தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் தூவி, மீனை உள்ளே விட்டார் சம்பத். இன்று சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள்.

"இந்தத் தொட்டிக்கு யாரு பொறுப்பு?" என்று மீன் கேட்டது.

"என்னைப் பாக்காதே," என்றது உப்பு. "என்னை அளந்துதான் கலந்தாங்க. கடலே தோத்துடும்."

"என்னையும் பாக்காதே," என்றது மோட்டார். "வந்ததுலேர்ந்து ஒரு நிமிசம் நிக்கல. இந்த வீட்டுல வேற யாரு அப்படி உழைக்கிறா?"

சுவரில் தொங்கிய காலண்டர் தாளைப் படபடவென்று அடித்தது. "நேரம் சுத்தமான நேரம். அதுல குத்தம் சொல்லாதே."

"நேரம் சுத்தம்னா செவுள் ஏன் எரியுது?"

"அது உன் ராசி."

தொட்டியின் நடுவில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. கடலிலிருந்து எடுத்த கல், உடம்பெல்லாம் பொந்து. அது மீனைக் கேட்டது: "நேத்து வந்ததுலேர்ந்து நீ என்ன பண்ணினே?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

மீன் வெட்கப்பட்டது. "அப்புறம்... எல்லாரும் பண்றதுதான்."

"அது எங்கே போச்சு?"

மீன் சுற்றிலும் பார்த்தது. அது எங்கேயும் போகவில்லை.

"உன் கக்கூஸ்லயே நீ குடியிருக்கே," என்றது கல். "அதான் எரியுது. என் பொந்துல பொடிசுங்க இருக்காங்க, கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. அந்த அழுக்கைத் தின்னு தீர்க்கிறது அவங்க வேலை. ஆனா இன்னும் பெருகல."

பொந்துக்குள்ளிருந்து மெல்லிய குரல்கள் வந்தன. "மன்னிச்சுக்குங்க அண்ணே. நாங்க இருக்கறதே முப்பது பேரு. அதுல நாலு பேருக்கு மஞ்சத்தூள் பட்டுக் கண்ணெரிச்சல்."

"எப்ப பெருகுவீங்க?"

"ஒரு மாசம் ஆகும் அண்ணே."

"நான் சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டேன்!"

மீன் மேலே ஏறி, தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மாப்ளே, மீனு நம்மளக் கும்பிடுது பாரு!" என்றார் சம்பத்தின் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் திருப்பிக் கும்பிட்டார்.

சம்பத்தின் மனைவி கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க, அது கும்பிடலீங்க. மூச்சு வாங்குது," என்று கணவனிடம் சொல்லிவிட்டு, மீன் விற்ற கடைக்காரர் அன்வருக்குப் போன் போட்டாள்.

"தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சுக்கா?"

"மூணு நாளுங்க பாய்."

"மூணு நாளா? ஒரு மாசமா ஓடுதுன்னு சொல்லித்தானே அண்ணன் மீன் வாங்கினாரு!"

போனிலிருந்து வந்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது. சம்பத் கேசரித் தட்டைப் பார்த்தபடி, "பஞ்சமி போயிருமேன்னு..." என்று முனகினார்.

இருபது நிமிடத்தில் அன்வர் வண்டியில் வந்தார். கடைத் தண்ணீர் நிறைந்த பையில் மீனைப் பிடித்துப் போட்டார். பைக்குள் மீன் கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தது. பிறகு வால் ஆடியது.

"பொழைச்சுக்கும். உங்க தண்ணி தயாரானதும் வந்து வாங்கிக்குங்க," என்று சொன்ன அன்வர், சம்பத்தை வாசலுக்குக் கூட்டிப்போய் இன்னும் ஏதோ சொன்னார். சம்பத் பலமாகத் தலையாட்டினார்.

நாட்கள் போயின. முப்பது பேர் முந்நூறு பேரானார்கள், பிறகு கல்லால் எண்ண முடியவில்லை. பொந்துக்குப் பொந்து சத்தம், சண்டை, கல்யாணம். கண்ணாடியில் பழுப்பாக ஒரு பாசி படர்ந்தது.

"இது நல்ல அடையாளம்," என்றது கல். "இன்னும் ஒரே வாரம். மீனுக்குச் சொல்லி அனுப்பலாம்."

அன்றைக்குப் பார்த்து மச்சான் மறுபடி வந்தார். "என்ன மாப்ளே, கடல்னு சொன்னே, எங்க ஊர்க் குட்டையாட்டம் கெடக்கு?"

சம்பத்துக்கு முகம் செத்துவிட்டது. மச்சானின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தண்ணீர் முழுவதையும் சாக்கடைக்கு இறைத்தார். கல்லைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார்.

"என்னை எங்கே கொண்டுபோறான்?" என்றது கல்.

"அண்ணே, ஏதோ நுரை வருது அண்ணே," என்றன பொந்துக்குள்ளிருந்த குரல்கள். அதற்கப்புறம் அவை எதுவும் சொல்லவில்லை.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு, தேங்காய் நார், அரை மணி நேரம். கல் வெள்ளை வெளேரென்று ஆனது. பேச்சும் நின்றுபோனது.

"கோகிலா, இங்க வந்து பாரு! பளபளன்னு இருக்கு! பாய்க்குப் போன் போடு, மீனக் கொண்டாரச் சொல்லு!"

கோகிலா கல்லைப் பார்த்தாள், சோப்பைப் பார்த்தாள். போனை எடுக்கவில்லை.

"அன்னிக்கு வாசல்ல கூட்டிட்டுப் போயி பாய் உங்ககிட்ட என்னங்க சொன்னாரு?"

சம்பத் நாரைக் கீழே போட்டார்.

"ஒரு மாசம் எதையும் தொடாம சும்மா இருங்கன்னாரு."