ஏகாம்பரம் சுட்ட பேரிக்காய்

ஏகாம்பரம் பழமண்டி வைத்திருந்தவர். முன்கோபக்காரர். வாயை மட்டுமே முதலாக வைத்து முன்னுக்கு வந்தவர். மலைமேல் இருந்த சாமியிடம் சீடராகச் சேர வந்த அன்றுகூட, "தியானம் ஒரு மணி நேரம் ஜாஸ்தி சாமி, அரை மணியில முடிச்சுக்குவோம்" என்று பேரம் பேசினார். அவரைவிட வயதில் இளையவரான சாமி, சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் ஏகாம்பரம் கேட்டார்.

"சாமி, மரகதம் திரும்பி வருவாளா?"

மரகதம் அவர் மனைவி. கோபித்துக்கொண்டு வத்தலக்குண்டில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள்.

"எதுக்குப் போனாங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. பேரிக்காயில ஒரு பலகாரம் செய்வா. சூடா தட்டுல கொண்டாந்து வச்சா. நான் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து, இன்னும் வெந்திருக்கணும்னேன். அவ்வளவுதான். பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுக் கிளம்பிட்டா."

"அன்னைக்கு மட்டுந்தான் சொன்னீங்களா?"

"எப்பவும் ஏதாச்சும் சொல்வேன். மண்டிக்காரன் வாய் அப்படித்தானே? பிடிச்ச சரக்கைத்தான் முதல்ல மட்டம் தட்டுவோம். நல்லா இருக்குன்னு எந்த வியாபாரி சொல்லுவான்?"

"அந்தப் பலகாரம் உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

"பார்த்திருக்கேன்."

"செய்யுங்க."

ஏகாம்பரம் பேரிக்காயைக் கீற்றுப் போட்டார். கருப்பட்டியைத் தட்டி, சுக்குப்பொடியோடு சேர்த்துப் புரட்டினார். கேழ்வரகு மாவில் நெய் விட்டுப் பிசிறி, மேலே தூவினார். மைதாவும் சீனியும் மரகதத்தின் அடுப்படிக்குள் நுழைந்ததே இல்லை. அடி கனத்த குண்டாவில் மணலைப் பரப்பி, காய்ந்ததும் தட்டை உள்ளே இறக்கி மூடினார்.

விறகைத் திட்டினார். மணலைத் திட்டினார். வெந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்தார். திறக்கத் திறக்கச் சூடு வெளியே போனது. அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டார்.

ஒருவழியாக வெந்தது. சாமிக்கு வேறொரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு எதிரிலேயே நின்றார்.

சாமி நிதானமாகச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார்.

"சாமி."

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

சாமி துண்டில் கையைத் துடைத்தார்.

ஏகாம்பரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "காலையிலேர்ந்து புகையில நிக்கிறேன். விரல் வெந்து போச்சு. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல அடுப்பு ஓரமாக உட்கார்ந்தார்.

"அவளும் இப்படித்தான் சாமி, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நிப்பா."

குண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீதியை அவளுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? மத்தியானம் பஸ் இருக்கு. ஆனா, கீழே இறங்கறதுக்குள்ள ஆறிடும்."

"அவங்க என்னைக்காவது சூடாச் சாப்பிட்டிருக்காங்களா?"

ஏகாம்பரம் யோசித்தார். அவர் சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டு, மண்டிக்குக் கிளம்பிய பிறகுதான் அவள் பாத்திரத்தைச் சுரண்டுவாள்.

"இல்ல."

குண்டாவை மணல் சூட்டோடு ஒரு துணியில் சுற்றிக் கட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இதுல குறை இருக்கு சாமி. கருப்பட்டி கம்மி. ஓரமெல்லாம் கருகிடுச்சு. அவ திட்டினா வாங்கிக்கிறேன். மூஞ்சியில விட்டெறிஞ்சாலும் சரி."

"திட்டுவாங்களா?"

ஏகாம்பரம் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மாட்டா. அவளுக்கு அதெல்லாம் வராது. ஒரு வாய் வச்சதும், நல்லா இருக்குங்கன்னுதான் சொல்லுவா."

"அதைத் தாங்க முடியும்னா போங்க" என்றார் சாமி.