ஏழாவது பெட்டி

யானை வந்தால் ஊருக்குச் சொல்ல, மலைக்காட்டில் பன்னிரண்டு கருவிப் பெட்டிகள். பேட்டரியை மிச்சப்படுத்த அவை தூங்கித் தூங்கி விழிக்கும். செய்தியை வாங்க அடுத்த பெட்டி விழிக்கும்வரை ஒவ்வொன்றும் காத்திருந்து, அது மலையிறங்குவதற்குள் யானை ஊருக்குள் நிற்கும்.

"பெட்டி தூங்கணும், செய்தி தாமதிக்கக் கூடாது. முடியலேன்னா நடையைக் கட்டு!" என்றார் இன்ஜினியர் தணிகைவேலு, தினக்கூலி மாதேவியிடம்.

சித்தாள்கள் சட்டி கைமாற்றுவதுபோல, செய்தி வரும் நொடியில் அடுத்த பெட்டி விழிக்கும்படி நேரம் வைத்தாள் மாதேவி.

பனிமூட்டத்தில், வன அதிகாரி முன்னால் சோதனை. திரையில் பெட்டிகளுக்கான விளக்குகள் வரிசையாக மளமளவென்று எரிந்தன. ஐந்து, ஆறு, ஏழு...

"ஏழு மண்சரிவுல புதைஞ்சுபோச்சே!" அலறினார் தணிகைவேலு.

"புதுசு மாட்டியாச்சுன்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க?" என்றாள் மாதேவி.

அதிகாரி சிரித்துவிட்டார். "அவரைப் பிடிக்கப் பொய் விளக்கு வெச்சியாம்மா?"

"இல்லீங்க. ஆறுலேருந்து நேரா எட்டுக்குத்தான் வழி வெச்சேன்." மாதேவி சிரிக்கவில்லை.

ஏழு மறுபடி எரிந்தது: 'யானை நடமாட்டம்.'

மண்ணுக்கு அடியில்.