பந்துக்குப் பின்னால் பேச்சி

கோணமேட்டுக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். சிக்கலே அதுதான்.

அந்த ஊர் மூக்கையாவின் மகள் பேச்சி கல்லூரியில் பேஸ்பால் ஆடுகிறவள். கட்டையால் பந்தை அடித்துவிட்டு, நாலு மூலையையும் சுற்றி ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். "கிளம்பின இடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு ஓடணும்? சும்மா நின்னாப் போதாதா?" என்று ஊரே கேட்டது. பேச்சி பாட்டுக்குப் பந்தை நன்றாக அடித்தாள். மாநில அணியில் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, அடுத்த வாரம் சென்னை விடுதிக்குப் போகிறாள்.

மூக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. "புள்ள போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிரும். அவ பந்தடிக்கிற படம் ஒண்ணாவது வேணும்" என்று, ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சினன் தவசியிடம் போய் நின்றார்.

தவசிக்கு அன்றைக்குக் கல்யாண வேலை. நீள லென்ஸ் மாட்டிய கேமராவை எடுத்துக் கையில் கொடுத்தான். "மச்சான், இது தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் கொண்டாந்து காட்டும். துளிகூட ஆடக் கூடாது. பந்து நல்லாத் தெரியறப்போ பட்டனை அழுத்துங்க, படபடன்னு எடுத்துக்கிட்டே இருக்கும். கையை மட்டும் எடுத்துராதீங்க."

மைதானத்துக்குத் துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு வெயிலுமுத்து. முன்வரிசையில் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருவரும் யோசித்தார்கள்.

"தூரத்துல இருக்கிறதைத்தானே கிட்டக் கொண்டாரும்?"

"ஆமா."

"நம்ம கிட்டக்கவே உக்காந்துட்டா?"

"அதுக்கு வேலை இருக்காதே."

"பாவம், வாங்கி வச்ச சாமான்."

ஆகவே எல்லைக் கோட்டையும் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் போனார்கள். அங்கே வெயிலுமுத்து கேமராவை மூக்கையாவின் கையோடும், மூக்கையாவை மரத்தோடும் கயிறு போட்டுக் கட்டினார். காற்றடித்தது. மரம் ஆடியது. வெயிலுமுத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூக்கையா லென்ஸ் வழியே பார்த்தார். கைக்கெட்டுகிற தூரத்தில் பேச்சி நின்றாள். பெற்ற மனசு, சும்மா இருக்குமா? "தாயி, தொப்பியைச் சரியா வை" என்று மெல்லச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பேச்சி தொப்பியைச் சரி செய்தாள்.

"அவளுக்குக் காது கேக்குது" என்றார் வெயிலுமுத்துவிடம்.

பேச்சி ஓங்கி அடித்தாள். பந்து மேலே ஏறி, வேப்பமரத்தைப் பார்த்துக் கிளம்பியது.

"பந்து தெரியுதா?" என்று மரத்தைப் பிடித்தபடியே கேட்டார் வெயிலுமுத்து.

"தெரியுது. குன்றிமணி கணக்கா."

"பொறுங்க. நல்லாத் தெரியணும்னு சொல்லியிருக்கான்."

"இப்ப எலுமிச்சங்கா."

"அவசரப்படாதீங்க."

"தேங்கா அளவு வந்துருச்சு. தையல்கூடத் தெரியுதுய்யா."

"அப்ப அழுத்துங்க."

அழுத்தினார். பந்தும் வந்து சேர்ந்தது.

நெற்றி வீங்க மூக்கையா கண் விழித்தபோது பேச்சியின் அணி ஜெயித்திருந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். பட்டனிலிருந்து கையை எடுக்கத் தவசி சொல்லவில்லை, அதனால் அவர் எடுக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்ட கண்டக்டரைக் கேமரா விடாமல் எடுத்துக்கொண்டே வந்தது.

பந்து பட்டு லென்ஸ் விரிசல் விட்டதைத் தவசி பெரிதாக நினைக்கவில்லை. படங்களில் பாதி கண்டக்டரின் தோல் பை, மீதி வேப்பிலை. ஒரே ஒரு படத்தில் மட்டும் பந்து, ஓரம்கூட மிச்சமில்லாமல், தையல் தையலாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கி எடுத்து வந்தான்.

"பேச்சி எங்க?" என்றார் வெயிலுமுத்து.

"பந்துக்குப் பின்னாடி நிக்குறா" என்றான் தவசி.

மூக்கையா படத்தைத் திருப்பினார். வெறும் வெள்ளை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெயிலுமுத்து படத்தை வாங்கி முன்பக்கம் திருப்பினார். "அடிச்சவ அங்கனயே நிப்பாளாய்யா? ஓடியிருப்பா. கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும்ல?"

மூக்கையாவுக்கு உயிர் வந்தது. படத்தைச் சுவரில் மாட்டி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து சாப்பாடுகூட அங்கேதான்.

அடுத்த வாரம் பேச்சி பெட்டியோடு வாசலில் நின்றாள். "அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு தடவை திரும்பிப் பாருங்கப்பா."

மூக்கையா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தம் போடாத தாயி. எம் மக வர்ற நேரம்."